எம்சிடி4 ஆய்வில் முடிவு பிசகும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மனித செல் குளுக்கோஸை வேகமாகச் சிதைத்து ஆற்றல் பெறும்போது லாக்டேட்டும் புரோட்டானும் உள்ளே குவிகின்றன. இவை இரண்டையும் சேர்த்து வெளியே கொண்டுசெல்லும் சவ்வுப் புரதங்களில் முக்கியமானது மோனோகார்பாக்சிலேட் டிரான்ஸ்போர்ட்டர் 4, சுருக்கமாக எம்சிடி4. வேகமாகச் சுருங்கும் வெள்ளைத் தசை இழைகளிலும், மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளிலும், ஆக்சிஜன் குறைந்த புற்றுக்கட்டிகளிலும் இது மிகுந்து காணப்படுகிறது. இப்புரதத்தை ஆய்வகத்தில் கையாளும் மாணவர்கள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் சிக்கல்களை, கண்ணில் படும் அறிகுறியில் தொடங்கிக் காரணத்தைத் தேடிச் செல்லும் வரிசையில் கீழே தருகிறேன்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் நான்கு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தீர்வுகளில் பெரும்பாலானவை இவற்றிலிருந்தே பிறக்கின்றன. எம்சிடி4 என்பது 465 அமினோ அமிலங்களைக் கொண்டது, சவ்வை 12 முறை ஊடுருவுவது. அதன் இரு முனைகளும் சைட்டோபிளாசத்தின் பக்கமே இருக்கின்றன. சவ்வை ஒரே ஒரு முறை கடக்கும் பேசிஜின் என்ற கிளைக்கோபுரதம், அதாவது சிடி147, துணைக்கு வராவிட்டால் அது செல்லின் மேற்பரப்பை அடைவதில்லை. ஒரு லாக்டேட்டுக்கு ஒரு புரோட்டான் என்ற கணக்கில் இரண்டையும் சேர்த்தே கடத்துகிறது. இதற்கு ஏடிபி எதுவும் செலவாவதில்லை. கடைசியாக, வெளியேற்றும் புரதம் என்று நாம் அழைத்தாலும் அது இரு திசையிலும் இயங்கும்: தெருவில் தேங்கிய மழைநீர் முற்றத்தைவிட உயர்ந்துவிட்டால் அதே சாக்கடைக் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறுவதைப் போல, வெளியே லாக்டேட்டும் அமிலமும் மிகுந்தால் ஓட்டம் திரும்பிவிடும்.

சோதனை பிசகும்போது எல்லோரும் முதலில் எம்சிடி4-ஐயே சந்தேகிக்கிறார்கள். என் கணிப்பில் பழி பெரும்பாலும் அதன் பக்கத்தில் இருக்கும் மூன்றின்மேல் விழ வேண்டும்: துணைப் புரதமான பேசிஜின், உடன்பிறப்பான எம்சிடி1, கிணற்றுத் தட்டில் (செல் வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) உள்ள வளர்ப்பு ஊடகத்தின் பிஹெச். எந்த அறிகுறியானாலும் இம்மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் புரதத்திடம் வர வேண்டும்.

ஒப்பீட்டு மாதிரிகள் இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுச் செல்வரிசையில் எம்சிடி4 மிகுதியாக உண்டு, எம்சிடி1 கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அது நேர்மறை மாதிரி. முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுவின் சவ்வில் எம்சிடி1-உம் பேசிஜினும் உண்டு, எம்சிடி4 கிடையாது. ஆகவே அது எதிர்மறை மாதிரி. ராஜி என்ற லிம்போமா செல்வரிசையும் எம்சிடி1 மட்டும் கொண்டதாக நன்கு பயன்படும். இந்த மூன்றில் குறைந்தபட்சம் இரண்டு ஒவ்வொரு ஜெல்லிலும் இருக்கட்டும்.

அறிகுறி: வாங்கிய பிரைமரோ எஸ்ஐஆர்என்ஏவோ எதையும் செய்யவில்லை

பிரைமர் என்பது ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை எண்ண உதவும் சிறு டிஎன்ஏ துண்டு; எஸ்ஐஆர்என்ஏ என்பது அந்த மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ. ஆர்டர் படிவத்தை எடுத்துப் பாருங்கள். எம்சிடி4-இன் மரபணு எஸ்எல்சி16ஏ3. அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதத்தின் பெயரில் 4 இருப்பதால் எஸ்எல்சி16ஏ4 என்று எழுதி வாங்கியிருந்தால், உங்கள் கையில் இருப்பது எம்சிடி5-க்கு உரியது. எம்சிடி1 மட்டும் ஒழுங்காக எஸ்எல்சி16ஏ1. எம்சிடி2-க்கு எஸ்எல்சி16ஏ7, எம்சிடி3-க்கு எஸ்எல்சி16ஏ8. பெயரிட்ட வரிசையும் எண்ணிட்ட வரிசையும் வெவ்வேறாகப் போனதன் விளைவு இது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை: 1998-ஐ ஒட்டிய சில ஆய்வுகளில், வெள்ளைத் தசையிலிருந்து லாக்டேட்டை வெளியேற்றும் இதே புரதம் எம்சிடி3 என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று எம்சிடி3 என்று வழங்கப்படுவது விழித்திரை நிறமிப் படலத்துக்குரிய வேறொரு புரதம்.

மரபணு சரியாக இருந்தும் பிரைமர் வேலை செய்யவில்லை என்றால், அது எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மரபணுவின் ஆர்என்ஏ வடிவங்கள் பல. அவை பெரும்பாலும் முன்பகுதியான மொழிபெயர்க்கப்படாத தொடரில்தான் வேறுபடுகின்றன. அங்கே பிரைமரை அமைத்தால் ஒரு வடிவத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். புரதத்தைக் குறிக்கும் பகுதிக்கு மாற்றினால் போதும்.

அறிகுறி: வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை இல்லை, அல்லது கிணற்றின் அடியிலேயே கறுப்பாக நிற்கிறது

வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் கண்டறியும் முறை. படத்தை வெட்டிச் சுருக்காமல், ஜெல்லின் மேல்விளிம்பு வரை முழுதாகப் பாருங்கள். 43 முதல் 50 கிலோ டால்டன் வரையிலான இடம் வெறுமையாகவும், கிணறுகளின் அடியோரத்தில் மெல்லிய கறுப்புக் கோடும் அதற்குக் கீழே புகைபோல் ஒரு தேய்வும் இருந்தால், காரணம் ஏறக்குறைய உறுதி: மாதிரியைக் கொதிக்க வைத்துவிட்டீர்கள். சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதங்கள் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் கரைசலில் 95 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது, நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருந்திரளாகின்றன. அத்திரள் ஜெல்லுக்குள் நுழைவதில்லை. ஆக்டினுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் லோடிங் கன்ட்ரோல் (மாதிரிகள் சம அளவில் ஏற்றப்பட்டதைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டை) அழகாக வந்திருக்கும், அதுவே ஆளை ஏமாற்றும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை அறை வெப்பநிலையிலும், ஒன்றை 37 டிகிரியில் அரை மணி நேரமும், ஒன்றை 95 டிகிரியில் ஐந்து நிமிடமும் வைத்து, அடுத்தடுத்த கிணறுகளில் ஓட்டுங்கள். முதல் இரண்டில் பட்டை தோன்றி மூன்றாவதில் மறைந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. சூடாக்காத மாதிரியில் டிஎன்ஏ பிசுபிசுப்புத் தொல்லை தரும். அதற்குச் சிறிது நேரம் சோனிகேட் செய்வதோ நியூக்ளியேஸ் சேர்ப்பதோ போதுமானது. பழக்க தோஷத்தில் ஹீட் பிளாக்கின் மேல் குழாயைச் செருகும் கையைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றிலும் பட்டை இல்லை என்றால் செல்லை உடைத்த விதத்தைப் பாருங்கள். டிடர்ஜென்ட் இல்லாத கரைசலில் உடைத்துச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவான திரவத்தை மட்டும் எடுத்தீர்கள் என்றால், புரதம் நீங்கள் எறிந்த படிவில் இருக்கிறது. ரிபா என்ற டிடர்ஜென்ட் கலவையிலோ 1 சதவீத டிரைட்டான் கொண்ட பஃபரிலோ உடைக்க வேண்டும். சவ்வுப் பகுதியை மட்டும் பிரித்து எடுப்பவர்கள் ஆக்டினுக்குப் பதில் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸைச் சமநிலை அளவாகக் கொள்வது நல்லது. இவை எல்லாம் சரி என்றால் ஆன்டிபாடி எந்த இனத்தின் எந்தப் பெப்டைடுக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்று பாருங்கள். விற்பனையில் உள்ளவற்றில் பல கடைமுனைப் பெப்டைடுக்கு எதிரானவை. மனிதனுக்கும் எலிக்கும் அந்தப் பகுதி ஒன்றுபோல் இருப்பதில்லை.

அறிகுறி: பட்டை அகலமாகவோ இரண்டாகவோ வருகிறது

எந்தப் புரதத்தைத் தேடினீர்கள் என்பதைப் பொறுத்து இதன் பொருள் மாறும். எம்சிடி4-இல் சர்க்கரைச் சங்கிலிகள் இல்லை. ஆகவே அது ஒரே கூர்மையான பட்டையாக வர வேண்டும், அகலமான தேய்வு வந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகிக்கலாம். பேசிஜினுக்கு இது பொருந்தாது. அதில் சர்க்கரை ஏறும் மூன்று ஆஸ்பராஜின் இடங்கள் உண்டு. முதிராத வடிவம் முப்பதுகளின் கிலோ டால்டனிலும், முழுதாகச் சர்க்கரையேறிய வடிவம் 40 முதல் 60 வரை அகலமாகவும் ஓடும். பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டினால் இரண்டும் 30-க்குக் கீழே ஒன்றாகக் கூடிவிடும். முதிர்ந்த வடிவத்துக்கும் முதிராத வடிவத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த அறிகுறிகளில் இதுவே பெரிய சாட்சியாகும்.

அறிகுறி: ஆக்சிஜனைக் குறைத்தும் எம்சிடி4 கூடவில்லை

எஸ்எல்சி16ஏ3-இன் தொடக்கப் பகுதியில், ஆக்சிஜன் குறையும்போது மரபணுக்களைத் தூண்டும் ஹெச்ஐஎஃப்-1 என்ற புரதம் ஒட்டும் இடங்கள் இருப்பதையும், ஆக்சிஜன் குறைவில் எம்சிடி4 கூடுவதையும், எம்சிடி1 அவ்வாறு கூடாததையும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹேல்ஸ்ட்ராப் குழு 2006-இல் காட்டியது. ஆகவே கூடுதல் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமே. வராவிட்டால், அதே மாதிரியில், ஹெச்ஐஎஃப்-1 தூண்டும் மற்றொரு புரதமான கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 9 கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் கூடவில்லை என்றால் செல்லுக்கு ஆக்சிஜன் குறையவே இல்லை: ஆக்சிஜன் குறைத்த வளர்ப்புப் பெட்டியில் 1 சதவீதம் என்று காட்டினாலும், சாதாரண காற்றில் நின்ற ஊடகத்தில் கரைந்துள்ள ஆக்சிஜன் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். ஊடகத்தை முந்தைய நாளே பெட்டிக்குள் வைத்துச் சமப்படுத்துவது இதற்குத் தீர்வு.

ஹெச்ஐஎஃப்-1-இன் ஒரு பாகமான ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபாவைப் பார்த்து முடிவு செய்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் பட்டதும் அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். தட்டை வெளியே எடுத்து, மேசைவரை நடந்து, பஃபரைத் தேடும் நேரமே அதற்குப் போதும். எம்சிடி4 அப்படி உடனே மறைவதில்லை. எனவே ஹெச்ஐஎஃப் இல்லாமல் எம்சிடி4 மட்டும் கூடியிருந்தால் முரண்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. கார்போனிக் அன்ஹைட்ரேஸ் கூடி எம்சிடி4 மட்டும் கூடவில்லை என்றால், அந்தச் செல்லில் அது ஏற்கெனவே உச்சத்தில் இருக்கலாம். எம்டிஏ-எம்பி-231-உம், ஹெச்ஐஎஃப்-ஐச் சிதைக்க உதவும் விஹெச்எல் மரபணுவை இழந்த சிறுநீரகப் புற்றுச் செல்களும் சாதாரணக் காற்றிலேயே அப்படித்தான் இருக்கும்.

அறிகுறி: புரதம் இருக்கிறது, ஆனால் மேற்பரப்பில் இல்லை

நுண்ணோக்கியில் பார்க்கும்போது சவ்வைச் சுற்றிக் கோடாக வர வேண்டிய ஒளி, உட்கருவின் ஒரு பக்கத்தில் பிறைபோல் ஒட்டிக்கொண்டும், அங்கிருந்து வலைபோல் பரவியும் இருந்தால், புரதம் எண்டோபிளாச வலையிலும் கோல்கியிலும் தேங்கியிருக்கிறது. கேட்க வேண்டிய முதல் கேள்வி: பேசிஜின் எங்கே? இரண்டும் ஒன்றையொன்று நம்பியே மேற்பரப்பை அடைகின்றன. பேசிஜினை அடக்கினால் எம்சிடி4 குறைகிறது. மறுபுறம் எம்சிடி4-ஐ அடக்கினால் பேசிஜின் முதிராமல் உள்ளேயே நின்றுவிடுகிறது என்று எம்டிஏ-எம்பி-231 செல்களில் 2007-இல் காட்டப்பட்டது. ஆகவே வெஸ்டர்னில் பேசிஜினின் அகலமான மேல்பட்டை மெலிந்து கீழ்ப்பட்டை தடித்திருந்தால், கோளாறு இணையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

எம்சிடி4-ஐ வெளியிலிருந்து செலுத்தி மிகையாக உருவாக்கும் சோதனைகளில் இது இன்னும் அடிக்கடி நேர்கிறது. செல் தனக்கு வேண்டிய அளவே பேசிஜினைச் செய்கிறது. அதற்குமேல் வரும் எம்சிடி4-க்குத் துணை கிடைப்பதில்லை. இரு புரதங்களின் மரபணுக்களையும் சுமக்கும் பிளாஸ்மிடுகளை (வளைய டிஎன்ஏ) சேர்த்துச் செலுத்துவதும், எம்சிடி4-இன் அளவைக் குறைப்பதும் பயன் தரும். எனக்கு இரண்டாவதே மேல் என்று படுகிறது, ஏனெனில் அளவு மிகும்போது வரும் தேக்கம் பேசிஜினால் மட்டும் தீர்வதில்லை. கடைமுனையில் ஒளிரும் புரதத்தை ஒட்டியிருந்தால், துருவப்பட்ட எபிதீலியச் செல்களில் அது தவறான பக்கத்துக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்சிடி4-ஐ அடிப்பக்கச் சவ்வுக்கு அனுப்பும் குறிப்பு அந்தக் கடைமுனையில்தான் இருக்கிறது.

ஒளி எங்குமே இல்லை என்றால் காரணம் எளிமையானது. ஆன்டிபாடி பிடிக்கும் முனை செல்லுக்குள் இருக்கிறது. டிரைட்டானோ சப்போனினோ கொண்டு சவ்வைத் துளைக்காமல் சாயமேற்றினால் ஒன்றும் தெரியாது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் உயிருள்ள செல்லின் மேற்பரப்பை அளக்க வேண்டுமானால், வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிடி147-ஐ அளந்து, அதை மறைமுகச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: லாக்டேட் எண்கள் நம்பும்படியாக இல்லை

ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு லாக்டேட்டுக்கு மேல் வராது. 5.5 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் 11 மில்லிமோலாருக்கு மேல் லாக்டேட் காட்டினால், குளுட்டமினிலிருந்து வரக்கூடிய சிறு பங்கைக் கழித்தாலும், கணக்கு உதைக்கிறது. செல் இல்லாத ஊடகத்தையும் அதே தட்டில் அதே நேரம் வைத்து அளந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கன்றுக்கரு சீரத்தில் லாக்டேட் இயல்பாகவே உண்டு. டயாலிசிஸ் செய்த சீரத்துக்கு மாறினால் இந்தப் பின்புலம் விழுந்துவிடும். அதே சீரத்தில் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் நொதியும் உண்டு என்பது பலர் மறக்கும் செய்தி: மாதிரியை அப்படியே வைத்திருந்தால் அது பைருவேட்டையும் லாக்டேட்டையும் தன் போக்கில் மாற்றிக்கொண்டிருக்கும். பெர்குளோரிக் அமிலத்தால் புரதத்தைப் படியவைப்பதோ, 10 கிலோ டால்டன் வடிகட்டியில் சுழற்றுவதோ இதைத் தடுக்கும்.

என்ஏடிஹெச்சை 340 நானோமீட்டரில் அளப்பவர்கள் மோலார் உறிஞ்சுதிறன் 6220 என்பதை வைத்து, கிட் தரும் நிலை வளைவைக் கையால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. நிறம் தரும் கிட்டுகளில் ஊடகத்தின் ஃபீனால் ரெட் குறுக்கிடும். லாக்டேட் அதிகமான கிணற்றில் ஊடகம் மஞ்சளாகவும் குறைவான கிணற்றில் சிவப்பாகவும் இருப்பதால், குறுக்கீடு எல்லாக் கிணறுகளிலும் ஒன்றுபோல் இராது. அதைக் கழித்துச் சரிசெய்ய முயல்வதைவிட ஃபீனால் ரெட் இல்லாத ஊடகத்தை வாங்குவதே மேல்.

அறிகுறி: எம்சிடி4-ஐ அடக்கியும் வெளியேறும் லாக்டேட் குறையவில்லை

மிகுதியான கேள்விகள் வருவது இங்கேதான். மிகுதியான தவறான முடிவுகளும் இங்கேதான் எழுதப்படுகின்றன. புரதம் உண்மையில் குறைந்திருக்கிறதா என்பதை வெஸ்டர்னில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்என்ஏ 80 சதவீதம் குறைந்ததைக் காட்டி நிறுத்திவிட வேண்டாம். சவ்வில் ஏற்கெனவே அமர்ந்துவிட்ட புரதம் மெல்லத்தான் குறையும். எஸ்ஐஆர்என்ஏ செலுத்தி 72 மணி நேரமாவது பொறுத்திருப்பது நல்லது.

அடுத்து எம்சிடி1. செல்லில் இரண்டும் இருந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொள்கிறது. இதைப் பிரித்தறிய, எம்சிடி4 அடக்கிய செல்லிலும் அடக்காத செல்லிலும் எம்சிடி4-ஐத் தொடாமல் எம்சிடி1-ஐத் தடுக்கும் ஏஇசட்டி3965 மருந்தைச் சேர்த்து, நான்கு நிலைகளையும் ஒப்பிட வேண்டும். மருந்தும் அடக்கமும் சேர்ந்த நிலையில் மட்டும் லாக்டேட் சரிந்தால் விடை கிடைத்துவிட்டது. பேசிஜினை அடக்குவதும் ஒரு வழிதான், ஆனால் அது இரண்டு கடத்திகளையும் ஒருசேரக் கீழே இழுப்பதால் எம்சிடி4-இன் பங்கு எவ்வளவு என்று சொல்லாது.

நான்கு நிலைகளிலும் வேறுபாடு இல்லை என்றால், நீங்கள் அளந்தது எதை என்று யோசிக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து ஊடகத்தில் சேர்ந்திருக்கும் லாக்டேட், கடத்தியின் வேகத்தைவிடக் கிளைக்கோலிசிஸின், அதாவது குளுக்கோஸ் சிதைவின், வேகத்தையே பெரும்பாலும் காட்டுகிறது. கடத்திகள் பாதியாகக் குறைந்தாலும், உள்ளே லாக்டேட்டும் புரோட்டானும் சற்று ஏறி, மீதமுள்ள கடத்திகளை முன்னைவிட வேகமாக ஓட வைக்கின்றன. வெளியேறும் மொத்த அளவு பழைய நிலைக்கே வந்து நிற்கிறது. மாற்றம் நிகழ்ந்திருப்பது செல்லுக்குள்தான். ஆகவே உள்ளிருக்கும் லாக்டேட்டையும் உள் பிஹெச்சையும் அளக்காமல், எம்சிடி4-க்கு இந்தச் செல்லில் வேலை இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

உள் லாக்டேட்டை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. செல்லைக் கழுவும்போது வெளியில் லாக்டேட் இல்லாத பஃபரை ஊற்றுகிறீர்கள். கடத்தி திறந்தே இருப்பதால் உள்ளிருப்பது அந்த நொடியே வழியத் தொடங்குகிறது. எம்சிடி4 உள்ள செல்லிலிருந்து வேகமாகவும் அடக்கிய செல்லிலிருந்து மெதுவாகவும் வழியும் என்பதால், கழுவும் நேரமே ஒரு பொய்யான வேறுபாட்டை உண்டாக்கிவிடும். பனிக்கட்டியில் வைத்த பஃபரால் ஒரே முறை, சில நொடிக்குள் கழுவி, ஆழ்குளிரில் வைத்திருந்த 80 சதவீத மெத்தனாலை உடனே ஊற்றி நிறுத்துங்கள். பன்னிரண்டு கிணறுகளையும் ஒன்றாகக் கழுவிவிட்டுப் பின் ஒவ்வொன்றாக மெத்தனால் ஊற்றுவது வேண்டாம். ஒரு கிணற்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இதோடு ஊடகத்தின் பிஹெச்சையும் கணக்கில் கொள்ளுங்கள். லாக்டேட்டும் புரோட்டானும் சேர்ந்தே நகர்வதால், சமநிலையில் உள்ளே லாக்டேட்டின் செறிவையும் புரோட்டானின் செறிவையும் பெருக்கி வரும் எண்ணும், வெளியே அப்படிப் பெருக்கி வரும் எண்ணும் ஒன்றாக இருக்கும். உள் பிஹெச் 7.2 என்றும், வெளியே லாக்டேட் 10 மில்லிமோலார் என்றும் வைத்துக்கொள்வோம். வெளி பிஹெச் 7.4 ஆக இருந்தால் உள்ளே 6.3 மில்லிமோலாரிலேயே சமநிலை வந்துவிடும். வெளி பிஹெச் 6.6-க்கு இறங்கினால் அதே சமநிலைக்கு உள்ளே ஏறத்தாழ 40 மில்லிமோலார் தேவைப்படும். இரவு முழுதும் வளர்ந்து மஞ்சளாகிப் போன ஊடகத்தில் ஆரோக்கியமான எம்சிடி4-ஆல்கூட லாக்டேட்டைத் தள்ள முடியாமல் போவது இதனால்தான். புதிய ஊடகம் மாற்றி, 30, 60, 90 நிமிடங்களில் மாதிரி எடுத்து, கோடு நேராக இருக்கும் பகுதியை மட்டும் கணக்கிடுங்கள். செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ வகுக்கவும் மறக்க வேண்டாம்.

லாக்டேட் தானாகவே சவ்வின் வழியே கசிந்து வெளியேறுகிறதோ என்ற ஐயமும் சிலருக்கு வரும். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86, பிஹெச் 7.4-இல் ஏறத்தாழ 3500-இல் ஒன்றுதான் மின்னூட்டமற்ற அமிலமாக இருக்கும். உயிருள்ள செல்லில் காணும் வேகத்துக்கு இந்தக் கசிவு ஈடாகாது.

அறிகுறி: தடுப்பு மருந்து பலன் தரவில்லை, அல்லது எதிர்மாறான பலன் தருகிறது

எந்த மருந்து எதைத் தடுக்கிறது என்பதைப் பாருங்கள். ஏஇசட்டி3965-உம் ஏஆர்-சி155858-உம் எம்சிடி1-ஐயும் எம்சிடி2-ஐயும் தடுக்கின்றன, எம்சிடி4-ஐத் தொடுவதில்லை. எம்டிஏ-எம்பி-231-இல் ஏஇசட்டி3965 ஒன்றும் செய்யவில்லை என்றால் மருந்து கெட்டுவிடவில்லை. எதிர்பார்க்க வேண்டிய முடிவே அதுதான். ராஜி செல்லில் அதே குப்பியைச் சோதித்தால் மருந்து உயிரோடிருப்பது தெரிந்துவிடும்.

ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்சிசின்னமேட் என்ற பழைய தடுப்பானைப் பயன்படுத்துபவர்கள், லாக்டேட் குறைவதற்குப் பதில் கூடுவதைக் கண்டு திகைக்கிறார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் பைருவேட் கடத்தியை மைக்ரோமோலார் அளவிலேயே அடைத்துவிடுகிறது. எம்சிடி4-ஐ அடைக்க மில்லிமோலாரை ஒட்டிய அளவு வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக முடியாத பைருவேட் லாக்டேட்டாகித் திரும்புகிறது. எம்சிடி4 ஆய்வுக்கு இந்த மருந்தை இன்னும் வாங்குவது வீண் என்பது என் கருத்து. பிசிஎம்பிஎஸ் என்ற பாதரசச் சேர்மம் கடத்தியை நேரடியாகத் தாக்குவதில்லை, பேசிஜின் வழியாகவே தடுக்கிறது. எம்சிடி1-க்கும் எம்சிடி4-க்கும் இடையே அது வேறுபாடு காட்டாது, கழிவையும் தனியே சேர்த்து வைக்க வேண்டும்.

பழைய இரத்த அழுத்த மருந்தான சிரோசிங்கோபைன் எம்சிடி1, எம்சிடி4 இரண்டையும் தடுப்பதாகவும், எம்சிடி4-ஐயே வலுவாகத் தடுப்பதாகவும் 2018-இல் அறிவிக்கப்பட்டது. எம்சிடி4-ஐக் குறிவைத்த விபி124 போன்ற சேர்மங்கள் அதன்பின் வந்துள்ளன. எதை வாங்கினாலும், எம்சிடி4 நீக்கிய செல்லில் அதே மருந்து எந்தக் கூடுதல் விளைவையும் தரக்கூடாது என்ற சோதனையைச் செய்துவிட்டு மேலே போங்கள்.

அறிகுறி: பிஹெச் சாயமோ லாக்டேட் உணரியோ அசையவில்லை

பிசிஇசிஎஃப் சாயத்தில் 490, 440 நானோமீட்டர் கிளர்ச்சிகளின் விகிதத்தை 535-இல் அளக்கிறோம். லாக்டேட் சேர்த்ததும் உள் பிஹெச் இறங்க வேண்டும், நீக்கியதும் ஏற வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் பஃபரில் பைகார்பனேட் இருக்கிறதா என்று பாருங்கள். அது புரோட்டான் மாற்றத்தை விழுங்கிவிடும். பைகார்பனேட் இல்லாத ஹெப்பிஸ் கரைசலுக்கு மாறி, சோடியம்-புரோட்டான் பரிமாற்றியையும் கேரிப்போரைடால் தடுத்தால், கடத்தி தரும் சரிவு தெளிவாகத் தெரியும்.

லேக்கோனிக் என்ற மரபணு வழி உணரி சிலியின் வால்டிவியாவில் உருவாக்கப்பட்டு 2013-இல் வெளியானது. அது அளக்கும் எல்லை 1 மைக்ரோமோலார் முதல் 10 மில்லிமோலார் வரை. வேகமாகக் கிளைக்கோலிசிஸ் செய்யும் செல்லில் அது தொடக்கத்திலேயே நிறைவை ஒட்டி நிற்கக்கூடும். மேலும் லாக்டேட் ஏற்றினால் அசைவு தெரியாது. குளுக்கோஸை நீக்கி, வெளியே பைருவேட்டைக் கொடுத்து உள் லாக்டேட்டை வடியச் செய்து, உணரியின் கீழ் எல்லையை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு லாக்டேட்டை ஏற்ற வேண்டும். கடத்தியைத் திடீரென அடைத்ததும் உள்ளே லாக்டேட் ஏறும் வேகத்தை அளக்கும் முறையில், அடைக்கும் மருந்து எம்சிடி4-ஐயும் தடுப்பதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன ஏஇசட்டி3965 தவறு இங்கேயும் நேரும்.

அறிகுறி: கண்டறிந்த கேஎம் மதிப்பு கட்டுரைகளோடு ஒத்துப்போகவில்லை

கேஎம் என்பது கடத்தி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவு; அது குறைந்தால் நாட்டம் கூடுதல். எந்தக் கட்டுரையோடு என்று பார்க்க வேண்டும். தவளையின் முட்டைச் செல்லில் 2000-இல் செய்த அளவீடுகள் லாக்டேட்டுக்கு 30 மில்லிமோலாரை ஒட்டிய கேஎம் தந்தன. எம்சிடி4 நாட்டம் குறைந்த கடத்தி என்று பாடநூல்கள் சொல்வது இதை வைத்துத்தான். 2019-இல் எம்டிஏ-எம்பி-231 செல்லில் உணரிகளால் அளந்தபோது லாக்டேட்டுக்கு 1.7, பைருவேட்டுக்கு 4.2 மில்லிமோலார் என்று வந்தது. உங்கள் எண் 2-ஐ ஒட்டி இருந்தாலும் 30-ஐ ஒட்டி இருந்தாலும் துணைக்கு ஒரு கட்டுரை கிடைக்கும் என்பதால், கிடைக்கிற மேற்கோளைப் பிடித்துக்கொண்டு திருப்தியடைய வேண்டாம். எந்தச் செல், எந்த வெளி பிஹெச், எந்த வெப்பநிலை, உள்ளே செல்லும் ஓட்டமா வெளியேறும் ஓட்டமா, அளந்தது புரோட்டானையா லாக்டேட்டையா என்ற ஐந்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அறிகுறி: லாக்டேட் உள்ளே தேங்கியும் செல் சாகவில்லை

இது பெரும்பாலும் பிழையே அல்ல. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்கும் செல், கிளைக்கோலிசிஸ் மந்தமானதும் சுவாசத்துக்கு மாறி, மெதுவாகப் பெருகிக்கொண்டு உயிர் வாழும். நீஸ் நகரில் பூய்செகூர் குழு இதனால்தான் பேசிஜின் அல்லது எம்சிடி இழப்போடு ஃபென்ஃபார்மினைச் சேர்த்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டமைப்பையும் முடக்கிப் பார்த்தது. நீங்கள் செய்யும்போது ஃபென்ஃபார்மின் மட்டும், அடக்கம் மட்டும், இரண்டும் சேர்ந்து என்று தனித்தனிக் கிணறுகள் வைத்து, ஊடகத்திலிருந்து சோடியம் பைருவேட்டை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் சுவாசம் முடங்கிய செல்லுக்குத் தப்பிக்கும் வழி திறந்தே இருக்கும்.